பாப்பாவை யார் பார்த்துக்கறது?

“இனிமே பேச்சே வேண்டாம். உன்னால பாப்பாவைப் பார்த்துக்க முடியாது” என்றாள் நாத்தனார், செருப்பைக் கழற்றும்போதே.

பாட்டு டீச்சர் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள். தோளில் கிடந்த ஏழு மாதப் பாப்பா வீறிட்டுக்கொண்டிருந்தது. நாத்தனார் பேச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இன்று விஷயம் வேறு. பாப்பாவின் துணிமணிகளை அடுக்கிக்கொண்டு போகப் பெரிய பை ஒன்றோடு வந்திருந்தாள் நாத்தனார்.

ரயில் ஓட்டும் கணவன் மதியம் வண்டி ஏறினால் திரும்பி வர மூன்று நாள் ஆகும். “அக்காவும் நீயும் பேசி ஒரு முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே நழுவிவிட்டான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நன்றாகத் தெரிந்த மனிதன்.

“நாலு நாளா அழுவுதுன்னு தம்பி சொன்னான். நாலு நாள்! ஒரு வயசு ஆகுற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். மூணு பெத்து வளர்த்தவ நான்.”

“இது பசி அழுகை இல்லைக்கா. பசின்னா விட்டு விட்டு அழுவா. தூக்கம்னா இழுத்து இழுத்து அழுவா. இது கையை வாய்ல திணிச்சுக்கிட்டு அழற அழுகை. பல்லு முளைக்குது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்க்கா.”

குரலில் துளி நடுக்கம் இல்லை. இருபது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது சுருதி விலகிய ஒருத்தியை மட்டும் பெயர் சொல்லி நிறுத்துகிறவள் அவள். பெற்ற பிள்ளையின் குரலிலா ஏமாந்துபோவாள்?

“எச்சில் ஊத்திக்கிட்டே இருக்கு. தாடையெல்லாம் சொரசொரன்னு ஆயிடுச்சு. காதைப் பிடிச்சு இழுத்துக்கறா. பல்லே இல்லாம என் தோள்பட்டையைக் கடிச்சே தின்னுடறா.”

“காய்ச்சல்?”

“இல்லை. காலையில கருவி வெச்சேன், முப்பத்தேழு டிகிரின்னு சொல்லுச்சு. உடம்பு கொதிச்சாலோ வயித்தால போனாலோ, பல்லுதானேன்னு சும்மா இருக்க மாட்டேன். நேரா டாக்டர்கிட்டதான்.”

நாத்தனார் விடுகிற ஆளா? ஏதோ ஒரு மூடியைத் திருகும் சத்தம். கூடவே நெடியாக ஒரு மருந்து வாசனை.

“மருந்துக் கடையில கேட்டு வாங்கினேன். ஈறுல தடவினா மரத்துப் போயிடுமாம்.”

“மூடி வைங்கக்கா. பச்சைக் குழந்தைக்கு அதெல்லாம் தடவவே கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லியிருக்காங்க. இருங்க, வரேன்.”

பாப்பாவை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். எண்ணி ஒன்பது எட்டு தூரம். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். நாத்தனாரின் பை வீட்டுக்குப் புதுசு. அதற்குச் சட்டம் தெரியவில்லை. ஆறாவது எட்டில் காலில் இடித்தது.

“பார்த்து!” நாத்தனார் பதறி ஓடிவந்து தாங்கினாள். “இதுக்குத்தான் சொல்றேன்.”

“நடுவழியில பையை வெச்சது யாருக்கா?” என்று சிரித்தாள் டீச்சர். முணுமுணுப்பும் பை இழுபடும் ஓசையும் சுவரோரம் போய் நின்றன.

பாப்பாவை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் மடித்து வைத்திருந்த ஈரத்துணி ஜில்லென்று இருந்தது. அதைக் கடிக்கக் கொடுத்தாள். பிறகு விரல் நுனியால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்த்தாள். வீறல் விசும்பல் ஆயிற்று, விசும்பல் முனகல் ஆயிற்று, கடைசியில் துணியைச் சப்பும் சத்தம் மட்டும் மிச்சம்.

சட்டென்று விரல் நின்றது.

“அக்கா! கீழ் வரிசை. நடுவுல, இடப்பக்கம். முனை வெளியே வந்துடுச்சு!”

“எங்கே? இரு, டார்ச் போட்டுப் பார்க்கறேன்.” வெகுநேரம் ஆராய்ச்சி நடந்தது. “செவந்து வீங்கித்தான் இருக்கு. பல்லு ஒண்ணும் தெரியலையே. நீ ஆசைப்பட்டா பல்லு முளைச்சிடுமா?”

டீச்சர் ஒரு சின்ன ஸ்பூனைக் கழுவி எடுத்து, அதன் விளிம்பால் பாப்பாவின் ஈறில் மெதுவாகத் தட்டினாள்.

டிங்.

நாத்தனார் ஸ்பூனை வெடுக்கென்று பிடுங்கித் தானே ஒருமுறை தட்டினாள்.

டிங்.

நாத்தனாரின் காலடி சுவரோரம் போயிற்று. பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. திறக்கிறாளா, மூடுகிறாளா? டீச்சர் இரண்டு கையையும் நீட்டினாள். பாப்பாவை வாங்கி இறுக அணைத்துக்கொள்ளலாம் என்றால், அது நாத்தனாரின் இடுப்பில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் கைப்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் தம்பிக்காரன்.

“என்னக்கா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டியா?”

“பாப்பா எங்கேயும் வரலை. ஜிப்பை மூடியாச்சு. பை காலியாத்தான் வீட்டுக்குப் போகுது.”

“ஏன், என்ன ஆச்சு?”

“உன் பொண்ணுக்குப் பல்லு முளைச்சிருக்குடா!”

“அப்படியா! யாரு பார்த்தது, நீயா?”

“நான் எங்கேடா பார்த்தேன்? ரெண்டு கண்ணையும் விரிச்சு வெச்சு, டார்ச்சும் அடிச்சு எனக்கு ஒண்ணும் தெரியலை. பிறவியிலேயே கண்ணு தெரியாத உன் பொண்டாட்டிதான்டா பார்த்தா!”