பத்தாவது பேட்ச்

"பிரிச்சு எடுத்துடுங்க."

இன்ஸ்பெக்டர் இப்படிச் சொன்னதும், ஹேங்கரில் இருந்த அத்தனை பேரும் அவர் மனைவியைத்தான் பார்த்தார்கள்.

விமான இறக்கையில் விரல் நீளத்துக்கு விரிசல். ரிவெட் அடித்தால் புது ஓட்டைகள் விழும். அதனால் கார்பன் பேட்ச்சைப் பசை போட்டு ஒட்டியிருந்தாள் அவள். இது பத்தாவது. பத்தும் தேறினால் இனி அவள் வேலைக்கு அவளே கையெழுத்துப் போடலாம். ஏழு வருஷக் கனவு.

"என்ன குறை, சார்?" வீட்டில்தான் 'என்னங்க'. இங்கே 'சார்'.

அவர் அவளுடைய கையுறைகளுக்குப் பக்கத்திலிருந்த கிரீம் டப்பாவைக் காட்டினார்.

"இதைத் தடவிட்டா கையுறை போட்ட?"

"ஆமா. ஸ்டோர்ல எல்லாருக்கும் குடுக்கறதுதானே? கெமிக்கல் பட்டுக் கை வெடிச்சுக் கிடக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார்.

மேனேஜர் ஓடி வந்தார். "காசால தட்டிப் பாத்தாச்சு, சத்தம் சரி. ஸ்கேன் மிஷினும் பாஸ் போட்டிருக்கு. உமக்கு என்னய்யா வந்தது?"

"மிஷினுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு, சார். எழுதித் தரேன்."

இன்ஸ்பெக்டர் தலை மறைந்ததும் பெயின்டர் ஆரம்பித்தார். "வயித்தெரிச்சல்! பொண்டாட்டி சரிசமமா வந்துட்டா ஐயாவுக்குத் தூக்கம் வருமா?"

"வீட்டுச் சண்டைக்கு விமானம்தானா கிடைச்சது?" என்றார் எலக்ட்ரீஷியன்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேட்ச்சின் ஓரத்தை நெம்பினாள். லேசில் வராது என்றுதான் நினைத்தாள். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து கையோடு வந்தது.

பெயின்டர் தன் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

ஏழு வருஷமும் போச்சு என்று நினைத்துக்கொண்டே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"என் தப்புதான், சார். எங்கே தப்பு பண்ணேன்னுதான் தெரியல."

மேனேஜர் இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

'ஒட்டியவர்மேல் தவறில்லை. பத்தாவதை மறுபடி ஒட்ட அவரையே விடவும். அவர் தடவியது ஸ்டோர் கிரீம் அல்ல, சிலிக்கான் கலந்த கடைக் கிரீம். கையுறை மாட்டும்போதே அதன் வெளிப்பக்கமும் அது ஒட்டிக்கொள்ளும்; பட்ட இடத்தில் பசை பிடிக்காது. காலி ஸ்டோர் டப்பாவோடு வீட்டில் அவர் கை எரிய நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், வேலைக்கு எடுத்துப்போவார் என்றுகூட யோசிக்காமல், இன்று காலை அவரிடம் சொல்லாமலே கடைக் கிரீமை அதில் நிரப்பிவைத்தவன், கீழே கையெழுத்திட்டிருக்கும் நான்.'