முதுகுக்கு ரெண்டு அடுக்கு

"டிராகன் தலைக்கவசம், தோள்ல புலிமுகம், மார்புல மீன்செதில் அடுக்கு. மாயக்கதைப் படைத்தலைவனே தோத்தான் போங்க!" என்று வரைந்ததைக் காட்டினேன்.

வாடிக்கையாளர் குவோவின் முகம் மலரவில்லை. "அழகு கெடக்கட்டும் அண்ணே. அப்பாவுக்கு அடி விழக்கூடாது. முதுகுல இன்னும் ரெண்டு அடுக்கு போடுங்க."

"முதுகுலயா? வீரன்னா நெஞ்சக் காட்டிட்டு நிக்க வேணாமா?"

"எங்கப்பா ஓடுவாரு."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "எதிரி கையில வாளா, ஈட்டியா?"

"கரண்டி. கோவம் தலைக்கேறினா துடைப்பம்."

"எப்ப வேணும்?"

"சாயந்திரமே கல்லறைக்குக் கொண்டுபோய் எரிச்சு அனுப்பணும்."

இறந்தவர்களுக்கு எரித்து அனுப்பக் காகிதத்தில் வீடும் காரும் செய்து விற்பவன் நான். சுவான்சோ ஊரிலேயே கவசம் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

"செத்து மூணு வருஷம் ஆன மனுஷன யாருய்யா அடிக்கப்போறா?"

குவோ குரலைத் தாழ்த்தினார்.

"அப்பா தனியா இருப்பாரேன்னு போன வருஷம் உங்க கடையிலதான் ரெண்டு காகித நாட்டியக்காரிங்கள வாங்கி எரிச்சு அனுப்பினேன். போன வாரம் அம்மாவும் அங்க போய்ச் சேர்ந்துட்டாங்க அண்ணே!"