பிரசாதம் ஒண்ணும் செய்யாது

சர்க்கரை நோய் வந்த நாய் சோமுவுக்குத் தின்பண்டமாக வெள்ளரித் துண்டு மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதைத் தொடாமல் வெறித்துக்கொண்டிருந்தது சோமு.

“என்ன யோசனை?” என்றது பூனை.

“ஒண்ணும் புரியல. பிஸ்கட் கேட்டா அம்மா திட்டுறாங்க. ஆனா கோயிலுக்குப் போயிட்டு வந்தா சர்க்கரைப் பொங்கல் ஊட்டுறாங்க. ‘பிரசாதம்டா, ஒண்ணும் செய்யாது’ங்கிறாங்க.”

“அவங்களுக்கும் சர்க்கரைதானே?”

“ஆமா. எனக்கு முன்னாடி அவங்கதான் சாப்பிடுவாங்க.”

“அப்போ அவங்க கால் புண் ஏன் இன்னும் ஆறல?”

சோமு திரும்பிப் பார்த்தது. நாற்காலியில் அம்மா, கட்டுப் போட்ட காலை நீட்டியபடி தொன்னையிலிருந்து பொங்கலை வழித்துக்கொண்டிருந்தாள்.

சோமு வெள்ளரித் துண்டைக் கவ்விக்கொண்டு போய் அவள் காலடியில் வைத்தது.

“பொங்கல் வேணுமா கண்ணு? இந்தா” என்றாள் அம்மா.