மூன்று லாரியில் வந்த வீடு

மணி பதினொன்று ஆனதும் எதிர் வீட்டுக்காரர் காபிக் கோப்பையோடு வந்து, கண்ணாடிச் சன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாளின் கையில் பக்குவமாகக் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வேறு செய்தார்.

இந்தப் பக்கம் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த டைம்கீப்பர் மனைவிக்கு வயிறு எரிந்தது. அவளும்தான் முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுக்க நாதி உண்டா?

இரண்டு மாதத்துக்கு முன்னால் எதிரே இருந்தது வெறும் மனை. ஒருநாள் காலையில் மூன்று லாரிகளில் மூன்று பெட்டிகளாக வீடு வந்து நின்றது. கிரேன் தூக்கி வைத்தது, ஆட்கள் போல்ட்டுகளை முடுக்கினார்கள், மறுநாள் சாயங்காலம் வாசல் விளக்கு எரிந்தது. டைம்கீப்பர் நாலு வருஷம் இழுத்தடித்துக் கட்டிய வீட்டில் குளியலறைக் கதவு இன்னும் சரியாகச் சாத்த வரவில்லை.

சரி, வீடு போனால் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டால், அந்த ஜோடி அதற்கு மேல் இருந்தது. இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். ஒரு அதட்டல் கிடையாது, ஒரு முகச்சுளிப்பு கிடையாது. தினமும் விருந்தாளிகள் வேறு. வந்தவர்கள் சுவரை விரலால் தட்டிப் பார்ப்பதும், அலமாரியைத் திறந்து திறந்து மூடுவதுமாக வாயைப் பிளந்தார்கள். பாவம், அவர்களுக்கும் பொறாமைதான் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஆறு அடித்தால் இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். எப்போது திரும்புவார்களோ, ஒன்பது மணிக்கே படுத்துவிடும் இவள் கண்ணில் பட்டதில்லை.

பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற கணவரோ, நாற்காலியை விட்டு எழுந்தால் அதிசயம். அவருக்கு மூன்று வேளை மாத்திரையோடு இதையும் சேர்த்துக் கொடுத்துவந்தாள்: "அந்த மனுஷனைப் பாத்தாவது கத்துக்குங்களேன்."

எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பார்? ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அப்படி என்னத்தைக் கிழிக்கிறான் என்று பார்க்கிறேன் என்று கிளம்பிப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், "நல்ல மனுஷன். நிறைய சொல்லிக் குடுத்தார்" என்றதோடு சரி.

மறுநாள் பதினொரு மணிக்கு அவள் கைக்குக் காபி வந்தது! முதல் நாள் சர்க்கரை இல்லை, பாதி சாசரில் கிடந்தது. இரண்டாம் நாள் சர்க்கரை இருந்தது. மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்.

"சிரிப்பு இவ்வளவு போதுமா?" என்று வேறு கேட்டார்.

"பல்லு தெரிய வேணாம்" என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒரு வாரம் அவள் தரையிலேயே நடக்கவில்லை. ஆனால் எதிர் வீட்டு அம்மாளுக்கு இது தெரியாமல் இருக்கிறதே என்ற குறை மட்டும் அரித்தது. இத்தனை நாள் தான் பட்ட வயிற்றெரிச்சலில் கால்வாசியாவது அவள் பட வேண்டாமா? டைம்கீப்பர் புதுச் சட்டை எடுக்கக் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

நானும் இந்தத் தெருதான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மாள் உள்ளே அழைத்துப் போய்விட்டாள். சுவருக்குள் வெயில் தாங்கும் பலகை இருக்கிறது, சமையல் மேடையை உங்கள் உயரத்துக்கு வைத்துத் தருவோம், இன்னொரு அறை வேண்டுமென்றால் இன்னொரு பெட்டி சேர்த்துக்கொள்ளலாம் என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். இவள் விழித்தாள். அப்போதுதான் இவள் வீடு வாங்க வந்தவள் இல்லை என்று அந்த அம்மாளுக்குப் புரிந்து சிரிப்பு வந்தது. இது மாடல் வீடாம். காலியாகக் கிடந்தால் வாங்க வருகிறவர்களுக்கு மனசு ஒட்டாதாம். அதனால் கம்பெனியே இரண்டு பேரைச் சம்பளத்துக்குக் குடித்தனம் நடத்த வைத்திருக்கிறதாம்.

"அப்ப அவர் உங்க வீட்டுக்காரர் இல்லையா?"

"ஐயோ, அவருக்கு வீடு வேற, பொண்டாட்டி வேற. காலைல பத்துலேருந்து ஆறு வரைக்கும் டூட்டி. எனக்குக் கல்யாணமே ஆகலைங்க."

இரண்டு மாத வயிற்றெரிச்சல் ஒரு நொடியில் அணைந்தது. இதற்கா இப்படி வெந்து செத்தோம் என்று இவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் வந்த காரியத்தை விட முடியுமா?

"எங்க வீட்டுக்காரர் சம்பளம் இல்லாமலே செய்யறார்" என்றாள்.

"குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள் அந்த அம்மாள். அந்தக் குரலில் அசல் பொறாமை இருந்தது. அதைக் காது குளிரக் கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தவள், போகிற போக்கில், இன்று உங்கள் ஜோடியைக் காணோமே என்று விசாரித்தாள்.

அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாம். திங்கட்கிழமையிலிருந்து புது ஆள் வருகிறாராம். நாலு பேரை வரவழைத்து நடிக்கச் சொல்லிப் பார்த்ததில், மானேஜருக்கு அவரைத்தான் பிடித்துப் போயிற்றாம்.

"யாரு அது?" என்றாள் இவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

"எதிர் வீட்டு டைம்கீப்பர் சார்தாங்க. ஒரு வாரமா வீட்டுலயே ஒத்திகை பாத்தாராம்."