பூப்போட்ட உறைகள்

மூன்றாவது தடவையும் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஒலிப்பதிவு மொத்தம் நாற்பத்தொரு விநாடி. அவளுடைய குரல்தான் மூன்று முறை வருகிறது. அவசர உதவி, சொல்லுங்க. லைன்ல இருக்கீங்களா? பேச முடிஞ்சா பேசுங்க. நடுவில் ஆழமான, வெறும் அமைதி. பிறகு அவள் துண்டிக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே காலுக்கு வந்த அழைப்பு. பேச்சில்லை என்று பதிந்துவிட்டு அடுத்ததை எடுத்திருந்தாள். ஒரு நாளைக்கு அப்படி நாற்பது வரும். குழந்தைகள் போனை வைத்து விளையாடுவார்கள். சட்டைப் பையில் கிடக்கும் போன் தானாக அழைக்கும்.

அன்று நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுமி, சமையலறைத் தரையில் தன் அம்மாவைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. உயிர் இல்லை. கைக்குப் பக்கத்தில் போன் கிடந்தது.

விசாரணைத் தாளில் இவ்வளவும் இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி: அழைப்பில் ஏதேனும் ஒலி கேட்டதா?

விதி சுருக்கமானது. மூன்று முறை கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் துண்டிக்கலாம். ஒரு மூச்சு கேட்டால்கூட லைனை விடக் கூடாது. இடத்தைக் கண்டுபிடித்து வண்டி அனுப்ப வேண்டும்.

மேற்பார்வையாளர் அருமைநாதன் தன் அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவள் தன் சீட்டிலிருந்து கொண்டுவந்த ஹெட்செட்டிலேயே அவரும் கேட்டிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. நானும் ரெண்டு தரம் கேட்டுட்டேன். இல்லைன்னு எழுதிக் கையெழுத்தப் போடு. மனசப் போட்டு ஒழப்பிக்காத."

அவர் குரலில் நிம்மதி இருந்தது. அவளுக்கும் அது வேண்டியிருந்தது.

பேனாவை எடுத்தாள். கீழே வைத்தாள். ஹெட்செட்டை இன்னொரு முறை மாட்டினாள்.

மாட்டும்போது வலப்பக்க உறை நழுவிக் கழுத்தில் விழுந்தது. எலாஸ்டிக் தளர்ந்துபோயிருந்தது. தைத்து ஏழு மாதம் ஆகிறது.

அவள் தைத்ததுதான்.

ஹெட்செட்டின் குஷன்கள் அப்போது உரிந்துகொண்டிருந்தன. கறுப்புத் தோல் செதில் செதிலாகக் காதில் ஒட்டும், தலைமுடியில் ஒட்டும். வீட்டுக்குப் போனால் தலையணையிலும் கிடக்கும். புதியது கேட்டு எழுதினார்கள். வரவில்லை. மூன்று ஷிப்டுக்கும் ஒரே ஹெட்செட். யாரோ ஒருத்தியின் எண்ணெய், யாரோ ஒருத்தியின் வியர்வை.

வீட்டில் மஞ்சள் பூப்போட்ட நைட்டித் துணி மீந்திருந்தது. இரண்டு மடிப்பு. நடுவில் பஞ்சு. காது படும் இடம் முழுவதையும் மூடித் தைத்தாள்.

சத்தம் மெத்தென்று ஆனது.

யாரும் எதிர்பார்க்காத சுகம் அது. அலறல்கள் காதைக் கிழிக்கவில்லை. விபத்து நடந்த ரோட்டிலிருந்து கத்துகிறவர்கள் ஒரு அறை தள்ளி நின்று கத்துவதுபோல் இருந்தது. ஷிப்டு முடிந்தால் வரும் தலைவலி நின்றது.

"காதுக்குத் தலகாணி தச்சுட்டா இவ," என்றாள் பக்கத்து சீட்டு அம்சவேணி. "இனிமே எவன் கத்துனாலும் நமக்குத் தாலாட்டுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி கேட்டார்கள்.

தைத்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் வாங்கிப்போய்த் துவைத்தும் கொண்டுவந்தாள்.

கழுத்தில் கிடந்த உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உரிந்த குஷன் வலது காதில் சொரசொரப்பாகப் பட்டது. ஒலிப்பதிவை முதலிலிருந்து போட்டாள்.

அவசர உதவி, சொல்லுங்க.

டிக்.

கம்ப்யூட்டரின் சத்தம் என்று நினைத்தாள்.

லைன்ல இருக்கீங்களா?

டிக். டிக்.

இடப்பக்க உறையையும் கழற்றினாள். முதலிலிருந்து போட்டாள்.

அமைதி அங்கே இல்லவே இல்லை. குழாய் சொட்டியது. தூரத்தில் ஒரு காய்கறி வண்டி ஒலிபெருக்கியில் விலை சொல்லிப் போனது. ஒரு மூச்சு, ஈரமாக, ஒரு பக்கம் மட்டும் இழுத்து விட்டது.

அப்புறம் வளையல். கண்ணாடி வளையல். சிமெண்டுத் தரையில்.

அவள் கேட்டு முடிக்கும்வரை அது காத்திருந்தது. அவள் கேட்டதும் தட்டியது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்திருந்தது.

பேச முடிஞ்சா பேசுங்க என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள். பொறுமையான, நல்ல குரல்.

டிக் டிக் டிக் டிக்.

துண்டிக்கிறாள்.

அருமைநாதன் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்றார்.

அவள் நிமிர்ந்தாள். அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஹால். ஏழு சீட்டில் ஏழு பேர், முதுகு காட்டி. பதினான்கு காதுகளில் மஞ்சள் பூ.

அம்சவேணி மட்டும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. அவசர உதவி, சொல்லுங்க. நிறுத்தினாள். டீ டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

லைன்ல இருக்கீங்களா?

காத்திருந்தாள். எதிரில் யாரும் பேசவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. வலது கை மெல்ல மவுஸுக்குப் போனது.

இவள் எழுந்த வேகத்தில் ஹெட்செட் கழன்று வயரில் தொங்கியது. கதவு அறையின் அடுத்த கோடியில் இருந்தது. கையை ஓங்கிக் கண்ணாடியில் தட்டினாள். வளையல்கள் மோதின. மறுபடி தட்டினாள். மறுபடி.

அம்சவேணி திரும்பவில்லை.

மூன்றாவது முறை கேட்டுக்கொண்டிருந்தாள்.