பக்கத்துப் பாத்திக்காரர்

"உங்க கோரை மறுபடியும் என் வெள்ளரிக்குள்ள வந்தாச்சு, மிஸ்டர்! இது தோட்டமா, காடா?"

டீச்சரம்மாவின் குரல் நுழைவாயில் வரை கேட்டது. கேட்டதும் டெய்லருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. சண்டை என்றால் ஒரு பாத்தி காலியாகப் போகிறது என்று அர்த்தம்.

ரயில் பாதையை ஒட்டிக் கிடந்த வெற்று நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, தோட்ட ஆசை உள்ளவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். சட்டம் இரண்டே இரண்டுதான். ஒரு வீட்டுக்கு ஒரு பாத்தி. களை பாதிக்கு மேல் ஏறினால் பாத்தி பறிபோகும். இதையெல்லாம் கவனிக்கிற செயலாளராக டெய்லர் இந்த மாதம்தான் வந்திருந்தார்.

பாத்திக்காகக் காத்திருப்பவர்களில் முதல் ஆள் அவருடைய மனைவியின் தங்கை. "இன்னைக்கு என் தங்கச்சிக்கு ஒரு பாத்தி பார்த்துட்டு வீட்டுக்கு வாங்க. இல்லேன்னா கடையிலயே மெஷின் மேல தலைய வச்சுப் படுத்துக்குங்க" என்று மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"என்னம்மா தகராறு?" என்று முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு போனார்.

டீச்சரம்மா நிமிர்ந்தார். வலது கையில் மட்டும் பச்சைக் கையுறை. அதில் ஒரு கொத்துக் கோரைப்புல், வேரில் கறுப்பாகக் கிழங்கு.

"இதப் பாருங்க சார். இவர் மேலாப்புல வெட்டிட்டுக் கைய உதறிக்கிறார். கிழங்கு அடியில ஜம்முனு படுத்திருக்கு. நாலு நாள்ல என் பந்தலுக்கு அடியில தலைய நீட்டுது. ரெண்டு பாத்திக்கும் நான் ஒருத்திதான் வேலைக்காரியா?"

கம்பிவலைக்கு அந்தப் பக்கம், தொப்பி போட்ட ஒருவர் முனகிக்கொண்டே எழுந்தார். இடது கையில் பச்சைக் கையுறை. ஒற்றைக் கையுறைதான் இப்போது நாகரிகம் போலிருக்கிறது என்று டெய்லர் நினைத்துக்கொண்டார். ஒற்றைக் கை வைத்துச் சட்டை தைக்கச் சொல்லி யாரும் வராதவரை சரி.

"மேடம், உங்க வெள்ளரிக்கொடி மட்டும் வேலி தாண்டி வந்து என் கத்தரிச்செடி கழுத்தப் பிடிக்கலாமா?" என்றார் தொப்பிக்காரர்.

"கொடின்னா எதையாவது பிடிச்சுத்தான் ஏறும்."

"ஏறினது சரி. இறங்கவே மாட்டேங்குதே!"

டெய்லர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு பாத்திகளையும் பார்த்தார். டீச்சரம்மாவின் பாத்தியில் வைக்கோல் பரப்பி, பந்தல் கட்டியிருந்தது; விரல் நீளப் பிஞ்சுகள் நுனியில் காய்ந்த பூவோடு தொங்கின. தொப்பிக்காரர் பாத்தியில் கத்தரிச்செடி எங்கே என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு கோரை.

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, குனிந்து அளந்தார்.

"பாதிய விட மூணு இஞ்ச் ஜாஸ்தி. மன்னிக்கணும் சார், பாத்திய இன்னைக்கே திருப்பிக் குடுத்துடுங்க. டீச்சரம்மா, இனி உங்களுக்குத் தொல்லை விட்டுது. இங்க என் மச்சினி வரப் போறா. புல்லக் கண்டா விடமாட்டா!"

டீச்சரம்மா பூரித்துப் போவார் என்று எதிர்பார்த்தார். அவர் முகமோ தொட்டாற்சிணுங்கியாகச் சுருங்கிவிட்டது.

"எதுக்கு சார் அவ்வளவு தூரம்? அவரு பாவம், முட்டி மடங்காது. கிழங்க எடுக்காம மேலாப்புல வெட்டுறதே அதனாலதான்."

"இப்பத்தானேம்மா திட்டுனீங்க?"

"திட்டுவேன். அதுக்காக நீங்க பாத்தியப் பிடுங்கிடுவீங்களா? ஒரு வாரம் டயம் குடுங்க. இவர் பாத்தியையும் நானே சுத்தம் பண்ணிடறேன்."

"வேண்டாம் மேடம்" என்றார் தொப்பிக்காரர் மெல்ல. "உங்க இடுப்பு தாங்காது."

டெய்லர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முட்டி டீச்சரம்மாவுக்குத் தெரிகிறது. டீச்சரம்மாவின் இடுப்பு அவருக்குத் தெரிகிறது. ஓஹோ, சங்கதி இதுதானா!

எத்தனை கல்யாணத்துக்குத் துணி தைத்த கை அது! மாப்பிள்ளை பெண் முகம் பார்த்தே பொருத்தம் சொல்லிவிடுவார். தனியாக வாழ்ந்து அலுத்துப்போன இரண்டு பேர், களையைச் சாக்கு வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் புகுந்து பாத்தியைப் பிடுங்கினால் பாவம் சும்மா விடுமா?

மனைவியின் முகம் ஒருமுறை கண்முன் வந்து முறைத்தது. டெய்லர் டேப்பைச் சுருட்டினார்.

"அளவு தப்பாயிடுச்சு. பாதிக்கு மூணு இஞ்ச் கம்மிதான். பாத்தி உங்களுக்கே இருக்கட்டும் சார்."

பிறகு தொப்பிக்காரரின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இப்படி ஒரு மனசு இந்த வயசுல யாருக்கும் கிடைக்காது. எத்தனை நாளைக்கு இப்படிச் சண்டையே போட்டுட்டு இருப்பீங்க? பக்குவமா பேசி முடிச்சுடுங்க. கல்யாணத் துணி மட்டும் நம்ம கடையிலதான்!"

தொப்பிக்காரருக்குக் காது வரை சிவந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார்.

டெய்லர் காற்றில் மிதந்தபடி திரும்பினார். இன்று கடையில்தான் படுக்கை என்பது உறுதி. ஆனாலும் ஒரு ஜோடியைச் சேர்த்துவைத்த நிம்மதியில் தூக்கம் வந்துவிடும்.

மண்வெட்டிகள் வைக்கிற கொட்டகைக்குப் பின்னால், செருப்பில் ஒட்டிய சேற்றைத் துடைக்க நின்றார். அவர் போய்விட்டார் என்று நினைத்து, டீச்சரம்மா வேலிப் பக்கம் வந்தார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"ஏங்க, வீட்டுச் சாவி உங்ககிட்ட இருக்கா, என்கிட்ட இருக்கா?"