பெயர் போடாத காவலாளி

திரையில் சீனக் கோமாளி, தாடியும் தலைப்பாகையுமாக நின்ற காவலாளியின் கன்னத்தில் மூன்றாவது முறையாக ஓங்கி அறைந்தான்.

தலைப்பாகை கழன்று உருண்டது. மெல்பர்னில், நண்பர் வாசுதேவனின் கராஜில் இருந்த ஏழெட்டுப் பேரும் வெடித்துச் சிரித்தார்கள். சவரிமுத்துவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் அவன் அப்பா தரையைப் பார்த்தபடி இருந்தார்.

சிங்கப்பூரிலிருந்து அவர் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வரமாட்டேன் என்றவரைச் சவரிமுத்துதான் வற்புறுத்திக் கூட்டிவந்தான். நம் ஊரில் எடுத்த படம்ப்பா, பழைய தெருவெல்லாம் வரும் என்று.

வாசுதேவன் இந்தப் படங்களைச் சேர்ப்பதே அதற்காகத்தான். 1974 அது. மெல்பர்ன் சைனாடவுனில் எல்லோருக்கும் குங்ஃபூ படம்தான் வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய சிரிப்புப் படங்களைக் கொட்டகைக்காரர்களே குப்பையில் போட்டார்கள். அவர் பெட்டி பெட்டியாகக் காரில் அள்ளிவந்தார்.

கோமாளிக்குப் பின்னால், இப்போது இடித்துத் தள்ளிவிட்ட சிங்கப்பூர்க் கடைவீதிகள் படத்தில் இன்னும் திறந்திருந்தன. யாரும் கண்டுகொள்ளாத முகங்கள் குறுக்கே நடந்துபோயின. அந்த முகங்களுக்கெல்லாம் பெயர் தேடுவதில் வாசுதேவனுக்குப் பைத்தியம்.

ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டார்.

"இந்த ஜாகா, வாசல் காவலாளி, யாருன்னு மட்டும் கண்டுபிடிக்கவே முடியல. டைட்டில்ல பேரே போடல. அங்கிள், நீங்க இதை எடுத்த ஸ்டூடியோலதானே வேலை பாத்தீங்க?"

"ஆமா, கிளார்க்கா இருந்தார்," என்றான் சவரிமுத்து பெருமையாக. "அந்தச் சம்பளத்துலதான் என்னை இங்க படிக்க அனுப்பினார்."

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. தெரியாதுங்க என்றார்.

வாசுதேவனுக்கு மனம் கேட்கவில்லை. ரீலைப் பின்னால் சுற்றி, அந்தக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டினார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். சவரிமுத்துவும்தான்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. காரைக் கிளப்பிக்கொண்டே, படம் பிடிக்கலையாப்பா என்று கேட்டான்.

கண்ணாடியில் அங்குமிங்கும் போய்வந்த வைப்பரை அப்பா பார்த்தார்.

"அந்தக் கடைசி அறையை ஒன்பது தடவை எடுத்தாங்க, முத்து," என்றார். "என்னை அடிக்கிறப்பல்லாம் அவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு."